மோதி பாக்கில் ஒரு பாய்மரப் படகு

"இன்ஜினை மட்டும் மாத்திட்டா போதும் இந்திரா. நேரா நாகப்பட்டினம். அங்கேருந்து பாம்பன் வரைக்கும் கடல்தான்."

"யார் யாரு?"

"யார் யாரா? பாய் ஒண்ணு, ஆள் ஒண்ணு. அவ்வளவுதான்."

"ஓ. சட்னி போதுமா?"

ஏப்ரல் மாதம், தாம் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் மனைவியோடு பேசிய இந்தப் பேச்சு, ஐந்து மாதம் கழித்துப் பூவராகவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவர் படகுக்குள் இன்ஜின் குழியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கடைசி போல்ட் கைநழுவி அடியில் விழுந்துவிட்டது.

படகு இருந்தது கடலில் அல்ல. மோதி பாக் அரசு குடியிருப்பில், இரண்டு கார்களுக்கு நடுவே, ஒரு டிரெய்லர் மேல். எப்போதோ குடியரசு தின அணிவகுப்பில் அலங்கார ஊர்தியாகப் போய்விட்டு, பிறகு ஏதோ ஒரு கிடங்கில் கிடந்த பாய்மரப் படகு அது. ஏலத்தில் எடுத்தார். உடம்பு உறுதி. உள்ளே இரண்டு கட்டில்கூட உண்டு. டீசல் இன்ஜின் மட்டும் தேய்ந்து போயிருந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்ததில் மூன்று மாடிக்குக் கரும்புகை எழும்பி, காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்கப் போனது.

அன்றே குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. 'பத்து வருடத்துக்கு மேலான டீசல் வண்டிக்கு டெல்லியில் அனுமதி இல்லை.'

'இது வண்டி அல்ல. சக்கரம் இல்லை' என்று பூவராகவன் பதில் எழுதினார்.

'டிரெய்லருக்கு இருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் அகற்றாவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் ஒப்படைக்கப்படும்' என்று சங்கம் முடித்துவிட்டது.

இன்ஜின் மிஸ்திரி கிர்பால் சிங் ஏப்ரலிலேயே நல்ல இன்ஜின் ஒன்று காட்டினார். "கியர்பாக்ஸோட இருக்கு பாபுஜி. பத்து நாள்ல மாட்டிடலாம்."

இந்திராணிதான் தடுத்தாள். "ஒரே கடையில விசாரிச்சு வாங்குவாங்களா? மூணு கொட்டேஷன் வாங்குங்க."

லோதி ரோடு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் முப்பது வருடம் இருந்து, போன வருடம் விருப்ப ஓய்வு பெற்றவள். அவள் பேச்சைப் பூவராகவனால் தட்ட முடியாது. அவரும் ஃபைலோடு வாழ்ந்தவர்தான். மூன்றாவது கடைக்காரர் காகிதத்தில் எழுதித் தரமாட்டேன் என்று அடம்பிடித்ததில் ஆறு வாரம் போயிற்று.

"இப்ப எதை எடுக்கறது?"

"ரூல் என்ன சொல்லுது? விலை குறைஞ்சதை."

விலை குறைந்தது ஜூனில் வந்து இறங்கியது. கிர்பால் சிங் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாபுஜி, கியர்பாக்ஸ் எங்கே?"

"அது தனியா?"

"அது இல்லாமலும் இன்ஜின் ஓடும். படகுதான் ஓடாது."

கியர்பாக்ஸுக்கு மறுபடி மூன்று கொட்டேஷன். அது ஜூலையில் வந்தபோது, இரண்டையும் சேர்த்தால் இன்ஜின் முக்கால் அடி நீண்டுவிட்டது. குழிக்குள் அடங்காது.

"வலது பக்க ஜன்னலோரக் கட்டிலை அறுத்துட்டா ஆச்சு" என்றார் கிர்பால் சிங். "ஒரு மணி நேர வேலை."

"அறுங்க" என்றார் பூவராகவன்.

"தொடக்கூடாது!" என்றாள் இந்திராணி, பால்கனியிலிருந்து.

"அதுல யாரு படுக்கப் போறா, இந்திரா?"

"யாரோ படுக்கறாங்க. அரசாங்கப் பொருளா இருந்தது, அப்படியே அறுத்துடறதா?"

இது எந்த விதியில் வருகிறது என்று பூவராகவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கட்டிலுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியைப் பெயர்த்து முன்னால் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் முடிந்தது.

இன்ஜினைத் தூக்க வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டினார் கிர்பால் சிங். "கிளை ஒடிஞ்சா கேஸ் ஆயிடும். டெல்லியில மரத்தைத் தொட பர்மிஷன் வேணும்" என்றாள் இந்திராணி. விண்ணப்பம் போட்டார்கள். பதில் வரவில்லை. கடைசியில் மூன்று இரும்புக் குழாயை முக்காலி மாதிரி நிறுத்தி, நேற்றுதான் இறக்கினார்கள்.

நாளை ஞாயிறு, செப்டம்பர் இருபத்தெட்டு. காலை பத்து மணிக்கு லாரி. இன்ஜின் ஓடாமல் நாகப்பட்டினம் போய்ப் பயனில்லை, அங்கே மறுபடி மூன்று கொட்டேஷனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். போகாவிட்டாலோ பழைய இரும்பு.

"என்னங்க, நான் பஜனைக்குப் போயிட்டு வரேன்!"

பூவராகவன் குழியிலிருந்து தலையைத் தூக்கினார். சனிக்கிழமை தோறும் இதே நேரம். கீழ்வீட்டு ஷ்வேதா, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியை, ஸ்கூட்டரில் அழைத்துப் போவாள்.

"ஆன்ட்டி, ஜல்தி! இன்னிக்கு லேட் ஆகக்கூடாது!"

பஜனைக்கு என்ன இத்தனை அவசரம்? திரும்பி வரும்போது எப்போதும் ஈரத்தலை, சிவந்த கண். பக்தி முற்றிவிட்டது, பாவம், தாம் போய்விட்டால் தனியாக இருக்க வேண்டுமே என்ற கவலை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளையும் படகில் கூப்பிடலாம்தான். ஆனால் தேனிலவுக்கு நைனிடால் போனபோதே அவள் படகில் ஏறவில்லையே. பையை அணைத்துக்கொண்டு கரையிலேயே நின்றாள். தண்ணீர் என்றால் பயம்.

ஞாயிறு காலை, லாரி வாசலில் உறுமியது. சங்கத்துக்காரர்கள் நோட்டீஸோடு நின்றார்கள். இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீரை இழுக்க வேண்டிய குழாயின் நுனி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கிடந்தது.

பூவராகவன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது. நின்றது. மறுபடி. இருமக்கூட இல்லை.

"டீசல் குழாய்ல காத்து" என்ற கிர்பால் சிங், ஒரு திருகைத் தளர்த்தினார். நுரையாக வந்தது, பிறகு சுத்தமாக வந்தது. இறுக்கினார். "அச்சா, இப்ப."

டப். டப்டப். டப்டப்டப்டப்!

கரும்புகை இல்லை. படகின் பின்குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு, சங்கச் செயலாளர் கையிலிருந்த நோட்டீஸை முழுசாக நனைத்தது. பால்கனிகளிலிருந்து கைதட்டல். பூவராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்திரா, பாத்தியா! இத்தனை தடங்கல் வந்தும் கடைசி நாள்ல ஓடிருச்சு பாரு. ஆண்டவன் புண்ணியம்!"

கையில் லட்டு டப்பாவோடு ஷ்வேதா படியிறங்கி வந்தாள்.

"ஆண்டவன் இல்ல அங்கிள், ஆன்ட்டிதான்! நேத்து நீச்சல் டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டாங்க. ஐம்பது மீட்டர், ஏக்தம் நிக்காம! முதல் நாளே எங்கிட்ட சொன்னாங்க, 'நீ நிதானமா சொல்லிக்குடு, நான் நீந்தற வரைக்கும் அவரோட இன்ஜின் ரெடியாகாது, அதுக்கு நான் பொறுப்பு'ன்னு."

பூவராகவன் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். கொட்டேஷன்கள், கியர்பாக்ஸ், வேப்பமரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்து போயின.

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே? நைனிடால்ல..."

"நைனிடால்ல 'பையைப் பாத்துக்க'ன்னு சொல்லிட்டு நீங்க ஏறிட்டீங்க. பாத்துக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, இந்திரா?"

இந்திராணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபத்தெட்டு வருடமாகத் தொண்டையில் நின்றது, டீசல் இன்ஜின் சத்தத்துக்கும் மேலாக வெளியே வந்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஜன்னலோரக் கட்டில் எனக்கு."