தோட்டத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்

என் மரியாதைக்கும் அவ்வப்போது கோபத்துக்கும் உரிய கணவருக்கு,

இங்கே நான் நலம். விடுதியில் நம் மகளும் நலம், பரீட்சை மட்டும்தான் அவளுக்குச் சுகமில்லை. கப்பலில் நீங்களும் உங்கள் இயந்திர அறையும் உங்கள் முதுகுவலியும் ஒருவரோடு ஒருவர் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்குப் போன் என்பது ‘கேக்குதா’, ‘கேக்குது’, ‘இப்ப கேக்குதா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் உங்கள் கம்பெனி மூலம் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்றார்கள்.

போன முறை பேசியபோது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், அந்தத் துறைமுகத்தில் முடிவு சொல்ல வேண்டும், தனியாக இருந்துகொள்வாயா, பயமாக இருக்குமா என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. என் பதில் இதுதான்: எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நாளைக்கு யார் வாயிலிருந்தோ நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன மாதத்திலிருந்து நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். தோட்டத்தில், பழைய பிரம்பு நாற்காலியில். தெருவில் உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் நிலவுகிறது.

எல்லாம் என் பல்லால் வந்தது. ஒருநாள் நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் கூட்டம் இல்லாத நேரத்தில், என் கடைவாய்ப் பல் கூசுகிறது என்று டாக்டரிடம் வாயைக் காட்டினேன். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு சலுகைதான் உண்டு. அவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், பல் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, மனதில் என்ன கவலை என்று கேட்டார். வாயில் கண்ணாடி இருக்கும்போது யாரால் பதில் சொல்ல முடியும்? மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்கூடத் தனியாகக் கேட்கிறது, ராத்திரியானால் கேட்டைப் பூட்டினேனா என்று போய்ப் பார்த்து, பார்த்ததை மறந்து மறுபடி போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ‘ஆ’ என்று மட்டும் சொன்னேன். கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும், தோட்டம் போடுங்கள் என்று அவர் சொல்லி, நோயாளிகள் புரட்டும் பழைய பத்திரிகை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அதில் தூக்கியெறியும் பொருள்களை வைத்தே தோட்டத்தை அழகாக்குவது எப்படி என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். டயருக்கு நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடிக்காதவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

தூக்கியெறியும் பொருளுக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம்? எதைத் தொட்டாலும் ‘உதவும், வை’ என்று சொல்லிச் சொல்லி நீங்கள் நிரப்பி வைத்த பின்பக்கக் கொட்டகை இருக்கிறதே. கால் உள்ளதும் கால் இல்லாததுமாக அதற்குள் எது குடியிருக்குமோ என்று இத்தனை வருடமாக நான் அந்தப் பக்கமே போனதில்லை. இந்த முறை துடைப்பத்தை முன்னால் நீட்டி, உள்ளே இருப்பவற்றுக்கு முன்னறிவிப்பாகப் பலமாக இருமிக்கொண்டே நுழைந்தேன். டயரைப் புரட்டியதும் தேங்கிய தண்ணீரோடு ஒரு தவளை என் நெஞ்சில் பாய்ந்தது. நான் அலறினேன், அதுவும் ஏதோ சொன்னது. முதலில் சுதாரித்துக்கொண்டது தவளைதான். டயருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து மண் நிரப்பினேன். பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் ஆணியால் ஓட்டை போட்டுச் சுவரில் வரிசையாக மாட்டிப் பூச்செடி வைத்தேன். இதுவரை பத்திரிகையில் போட்டபடிதான் நடந்தது.

பிறகு உங்கள் பழைய பாட்டு சிடிக்களைக் கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன், பளபளப்பைக் கண்டு பறவைகள் பயந்து ஓடும் என்று போட்டிருந்ததால். மறுநாள் விடிந்ததும் படுக்கையறை உட்கூரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் ஊர்ந்தது. யாரோ டார்ச் அடித்து வீட்டை நோட்டம் பார்க்கிறார்கள் என்று போர்வைக்குள் மூச்சுவிடாமல் கிடந்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதால்தான் எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு மைனாக்கள் சிடியில் முகம் பார்த்துத் தலை கோதிக்கொண்டிருந்தன. காலி பாட்டில்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது அதற்கு அடுத்த தப்பு. சாயங்காலம் காற்று வந்தால் அவற்றின் வாயில் புகுந்து, யாரோ பெரிய மனிதர் தோட்டத்தில் உட்கார்ந்து வாழ்க்கையை நினைத்துப் பெருமூச்சு விடுவது போலச் சத்தம் வந்தது. பாட்டில் என்று தெரிந்துகொள்ளும் வரை எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு சமையலறையிலேயே இருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்குப் பளபளப்பதும் பேயாகத் தெரிந்தது.

பல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் நோயாளிகளின் பல்வரிசையை மாவுக்கட்டுப் போடும் மாவில் அச்செடுத்து வைப்பார்கள். சிகிச்சை முடிந்து வருடக்கணக்காகிவிட்டால் சாக்கில் கட்டிக் குப்பைக்குப் போகும். வெள்ளையாக, உறுதியாக, ஒரே அளவில் இருக்கின்றனவே, ரோஜாப் பாத்திக்குக் கரை கட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. பகலில் எடுத்து வந்தபோதும் தோன்றியது, பகலில் பதித்தபோதும் அழகாகத்தான் இருந்தது. ஒரு மழை பெய்து மண் கரைந்த பிறகுதான் தெரிந்தது, பூமிக்குள்ளிருந்து ஒரு கூட்டமே வாயைத் திறந்துகொண்டு ரோஜாவைக் கடிக்க வருகிறது. பார்சல் கொண்டுவந்த ஆள் கேட்டுக்கு வெளியிலேயே பெட்டியை வைத்துவிட்டுக் கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டான். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் மட்டும் நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

“அந்த ஓரத்துல இருக்கிறது என்னோட கீழ்வரிசை மாதிரி இருக்கேம்மா” என்றார்.

ஒருவர் பல்லை இன்னொருவர் வீட்டில் பார்த்தால் என்ன பதில் சொல்வது? எடுத்துக்கொள்கிறீர்களா சார் என்று கேட்டேன். இல்லையில்லை, நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல்தான் நீங்கள் வருகிறீர்கள். மைனாக்கள் சிடிக்கு மசியவில்லை என்பதால் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இருந்த யோசனைப்படி ஒரு ஆள் பொம்மை செய்தேன். உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை, முழங்கால் கிழிந்த பேண்ட், உள்ளே பழைய தலையணைப் பஞ்சு, முதுகெலும்புக்கு ஒடிந்த துடைப்பக்கட்டை, தலைக்குத் துணி சுற்றிய பெயின்ட் டப்பா, அதன்மேல் உங்கள் தொப்பி. பறவைக்காகத்தான் செய்தேன். அப்படித்தான் டாக்டரிடமும் சொன்னேன். ஆனால் பறவையை விரட்ட வைக்கும் பொம்மையை யாராவது கொய்யா மரத்துக்கு முதுகு காட்டி, வாசல் கேட்டைப் பார்த்து உட்கார வைப்பார்களா? தெருவில் யாரோ வீட்டுக்கு வீடு வெளிக்குழாயைத் திருகிக்கொண்டு போகிறான் என்று பேச்சு வந்த வாரம் அது. நான் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. குழாய் போனால் போகிறது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் ‘வானொலி’ என்று பட்டப்பெயர் வைத்தீர்களே அவர்தான், சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“தம்பி வந்துட்டாரா? சொல்லவே இல்லையே நீ.”

‘பொம்மை, அக்கா’ என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் ‘உம்’ என்றேன். ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஒருவர் வாயால் கேட்டதும் தோளில் இருந்து எதுவோ இறங்கியது. அந்த ஒரு ‘உம்’மை வானொலி மத்தியானத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பிவிட்டது. அப்புறம் காய்கறி வண்டிக்காரர் உங்களைத் தூரத்திலிருந்து கும்பிட்டார். ஹெட்மாஸ்டர் கேட்டுக்கு வெளியே நின்று உங்களோடு நாட்டு நடப்புப் பேசிவிட்டுப் போனார். அவருக்குக் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறது, பல் அளவுக்கு அருகில் வந்தால்தான் தெரியும். “உங்க வீட்டுக்காரர் ரொம்ப பக்குவப்பட்டுட்டார்மா. முன்னெல்லாம் நம்மள பேச விடமாட்டார். இப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிறார்” என்று என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இந்த நிலையில்தான் நீங்கள் திரும்பினீர்கள். ஊருக்கு இல்லை, நாற்காலியில். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், கேட்டைப் பார்த்து உட்கார வைத்த நீங்கள் பக்கத்து வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். கேட் பூட்டியது பூட்டியபடி இருந்தது. காற்று என்று நினைத்துத் திருப்பி வைத்தேன். மறுநாளும் அப்படியே. காற்றுக்கு நாற்காலியைத் தூக்கத் தெரியுமா? அடுத்த நாள் கால்மேல் கால் போட்டிருந்தீர்கள். நீங்கள் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை, உங்களுக்கு முட்டி மடங்காது. போலீஸுக்குப் போனால் என்னவென்று சொல்வது? என் கணவர் கால்மேல் கால் போடுகிறார் என்றா? மகளிடம் போனில் சொன்னேன். “அப்பாவுக்கு போர் அடிக்குமில்லம்மா” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, நிஜமாகவே பயப்படுகிறாயா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். படிக்கிற பெண்.

இன்று சாயங்காலம் மழை. குடை பிடித்தும் நனைந்துகொண்டே வந்து கேட்டைத் திறந்தால், உங்கள் தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. நம் வீட்டுக் குடை இல்லை. உங்கள் கைக்குள் காம்பைச் செருகி, காற்றில் பறக்காமல் நாடாவால் கட்டி, யாரோ உங்களை நனையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருடன் என்றால் குழாயை எடுத்துக்கொண்டு போகட்டும், புரிந்துகொள்ளலாம். குடை கொடுத்துவிட்டுப் போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வீட்டுக்குள் போய் எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டு, கதவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, அந்த மேஜைமேல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேஜை கோணல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, முதலில் சொன்னதுதான். எனக்குப் பயம் எதுவும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், ஈரத் தலையோடு ஏசி அறைக்குப் போகாதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு என் விசாரிப்புகள். கடல் உங்களிடம் பொறுமையாக நடந்துகொள்ளட்டும், நீங்களும் அதனிடம்.

இப்படிக்கு,
தைரியமாக இருக்கும்
உங்கள் மனைவி

பின்குறிப்பு: நேற்று எழுதிய கடிதத்தை ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு இன்று வேலைக்குப் போனேன். டாக்டருக்கே பல்வலி, மத்தியானத்தோடு கதவைச் சாத்திவிட்டார். சீக்கிரம் வீடு திரும்பியதால் பிரித்து இதை எழுதுகிறேன். தோட்டத்தில் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் துருப்பிடித்த ஒரு சின்னக் கதவு உண்டே, திறக்காது என்று நாம் மறந்தே போன கதவு, அது திறந்திருந்தது. உங்கள் பக்கத்தில் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு வானொலி அக்கா உட்கார்ந்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தன் மகன் போன் செய்யாததை உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முழு ஒலிபரப்பு, ஒரே நேயர்.

என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. எப்போது கண்டுபிடித்தீர்கள் அக்கா என்று கேட்டேன்.

“மொத நாளே. தம்பி அவ்வளவு நேரம் வாய மூடிட்டு உட்கார்ந்து நான் எப்ப பார்த்திருக்கேன்?”

“அப்புறம் ஏன் தெருவெல்லாம் அவர் வந்துட்டார்னு சொன்னீங்க?”

“குழாய் களவு போற தெரு. உன் வீட்லயும் ஆள் இல்ல, எங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து என் வீட்லயும் இல்ல. கொஞ்ச நேரம் எங்க பக்கமும் பார்க்கட்டுமேன்னு திருப்பினேன். நனைஞ்சா பஞ்சு அழுகிடும்னு குடை வச்சேன். நீதான் தைரியசாலி, உனக்கென்ன.”

“நான் தைரியசாலின்னு யாரு சொன்னா அக்கா?”

“வாசல்ல இத்தன பேர் பல்ல நட்டு வச்சிருக்கியே. அந்தக் குழாய்த் திருடன் நம்ம ரெண்டு வீட்ட மட்டும் ஏன் விட்டான்னு நெனக்கிற?”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். நாற்காலியை இரண்டு வீடும் தெரிகிற மாதிரி சுவரோரம் நகர்த்திப் போட்டோம். மேஜையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டேன். டார்ச் வெளிச்சம் சிடி, பெருமூச்சு பாட்டில், நடமாட்டம் அக்கா. பயப்பட மீதி ஏதாவது இருக்கிறதா என்று சாயங்காலம் வரை தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பயந்துபோய்க் கூப்பிட்டால் காவலுக்கு ஆள் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அதனால் கையெழுத்துப் போடாதீர்கள். காவலுக்கு ஆள் இருக்கிறது, நீங்கள் சும்மா வாருங்கள். நீலக் கட்டம் போட்ட சட்டையையும் பிரம்பு நாற்காலியையும் மட்டும் திரும்பக் கேட்கக்கூடாது. அவரை இனிமேல் எழுப்ப முடியாது. கொட்டகையில் உடைந்து கிடந்த இன்னொரு நாற்காலியை உங்களுக்காகச் சரி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று கால் தயாராகிவிட்டது.