திறப்பு விழாவுக்கு ஒரு நோயாளி

மேல் டிவிசன்,
தெரணியகலை.
11.08.2007

மதிப்பிற்குரிய மச்சான் நல்லையா அவர்களுக்கு, ஏழுமலை எழுதிக்கொள்வது. வழக்கமாக "இங்கு யாவரும் நலம்" என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக் கஷ்டத்தைத் தொடங்குவேன். இந்த முறை நிஜமாகவே நலம். உங்கள் தங்கச்சி மல்லிகா பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள், கெட்ட கட்டி இல்லையாம். இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி என்னைத் திட்டுவதென்றால் உட்கார்ந்து நிதானமாகத் திட்டலாம்.

ஒரு வருடமாக அவளுக்கு மாதாமாதம் இரத்தம் நிற்காமல் போனது உங்களுக்கும் தெரியும். தோட்டத்து மருந்துக்காரர் காய்ச்சலுக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரையைத்தான் இதற்கும் கொடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போக அவர் துண்டு எழுதித் தர வேண்டும். கேட்டால், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் இருக்கிறதுதானேம்மா" என்பார். துண்டில்லாமல் போனால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் கிடையாது. துரை வீட்டு அம்மாவுக்குத் தும்மல் வந்தால் ஜீப் கொழும்புவரை போகும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியை அரசாங்கம் எடுக்கிறது, மந்திரி வந்து திறக்கிறார் என்று சுண்ணாம்பு அடித்தார்கள், புதுக் கட்டில் வந்தது, அம்புலன்ஸ் வந்தது, எல்லாம் வந்த பிறகுதான் நோயாளி இல்லையென்று கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. உண்மையான நோயாளிகளை, விழாவில் இருமித் தொலைப்பார்களென்று, லயத்து வீடுகளைவிட்டு வரக்கூடாதென்று சொல்லியாகிவிட்டது. படத்துக்காகக் கட்டிலில் படுக்க ஒரு பொம்பளை வேண்டும், பார்க்க நோயாளி மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ரொம்பவும் நோயாளியாக இருக்கக்கூடாது, அன்றைக்கு முழுப் பேர் உண்டு என்றார். நான் சும்மா இருப்பேனா? "ஐயா, நம்ம மல்லிகா இருக்கா, படுன்னா படுத்துக்கிட்டே இருப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். விழா நாளில் பார்த்தால் மல்லிகா கட்டிலில். என் யோசனைதான் மச்சான், முழுக்க என் யோசனை.

மந்திரி வரத் தாமதம். படம் எடுப்பவன், விழாவுக்கு வந்திருந்த சிங்கள டொக்டரம்மாவை, அதுதான் டொக்டர் நோனாவை, மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். நோனா கையைப் பிடித்தார், சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், "மெயாட லே நெஹெனே!" என்று கத்தினார், இவளுக்கு இரத்தமே இல்லையே என்று. கணக்கப்பிள்ளை ஓடிப்போய், அவள் சும்மா நடிக்கிறாள் என்று சிங்களத்தில் விளக்கினார். நோனா பார்த்த பார்வையில் அவருக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது. அம்புலன்ஸில் ஏற்றலாமென்றால், ஆஸ்பத்திரி வாசல் கதவின் குறுக்கே மந்திரி வெட்ட வேண்டிய சிவப்பு ரிப்பன். நோனா தாம்பாளத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன். டிரைவர் தோட்டத்துக் கேட்டடியில் வண்டியைத் திருப்பப் பார்த்தான். "ஒத்திகையில இவ்வளவுதானே சொன்னாங்க?" என்கிறான். நான் அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் நடிப்பில்லையென்று நம்பினான். எதிரே வந்த மந்திரியின் வாகனம் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

இரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து, நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர்மார் சொன்னார்கள். அவளில்லாத வீட்டை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. இப்போது தேத்தண்ணியில் சீனி போதாதென்று என்னை ஏசுகிறாள். காது குளிரக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ரம்புக்கனையில் உங்கள் வீட்டில் யாரும் படுக்கையில் விழாமல் முருகன் காக்கட்டும். விழுந்தாலும் பக்கத்தில் ஒரு டொக்டர் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
ஏழுமலை

பிற்குறிப்பு: இதை மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். தையல் வலிக்கிறதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "உங்க யோசனையா? கணக்கப்பிள்ளை நம்ம லயத்துல அடுத்த காம்பரா சுப்பம்மாவத்தான் படுக்கச் சொல்லியிருந்தாரு. டொக்டர் நோனா வாறாங்கன்னு கேள்விப்பட்டு, நான்தான் அவகிட்ட அந்தக் கட்டில கேட்டு வாங்கினேன். அவளுக்கும் இதே ரத்தம் போற வருத்தந்தான். 'உனக்குத்தான் ஜாஸ்தி, நீ முதல்ல படு'ன்னு விட்டுக்கொடுத்தா" என்கிறாள். அந்தக் கட்டில்களை விழா முடிந்த கையோடு லொறியில் ஏற்றி, யட்டியாந்தோட்டைப் பக்கம் இன்னொரு தோட்டத்துத் திறப்பு விழாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றைக்குத்தான் அங்கே விழா, அங்கேயும் அதே நோனாதான் வருகிறாராம். சுப்பம்மா காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள்.