முன்னறை கொண்டான் மேற்குச் சுவர் காத்த கதை

வாழ்க! விளாங்குடியின் தூரிகை வேந்தன், வண்ணக்குழம்பு தோய்ந்த வலக்கரத்தோன், வெற்றிடத்தின் தனிப்பெருங் காவலன், கைப்பேசிக் குலத்தின் பரம வைரி, முன்னறை கொண்டான் சூரியபிரகாஷ் வாழ்க! அவன் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுகிறோம். வெள்ளையடித்த சுவரே, எமக்கு நாவன்மை தா! ஆணி இறங்கிய தழும்புகளே, சாட்சி சொல்ல எழுந்து வாருங்கள்! பிள்ளையாரை ஏன் அழைக்கவில்லை என்று கேட்பீர்கள். போர் நடந்தது மாதா கோயில் வளாகத்தில் என்பதால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

முன்னறை கொண்டான் என்னும் விருது அவனுக்கு வாய்த்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அவன் குடியிருந்த வாடகை வீட்டில் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, திரும்பினால் தோள் இடிக்கும் அடுப்படி ஒன்று. "கலைஞனுக்குத் தனக்கென்று ஓர் இடம் வேண்டும்! இடமற்றவன் கலை இடுப்பொடிந்த கலை!" என்று ஒருநாள் காலை, பல் துலக்கி முடிக்குமுன்பே அவன் பிரகடனம் செய்தான். செய்த கையோடு முன்னறைமீது படையெடுத்தான். அங்கே சன்னலோரம் நெடுங்காலம் கோலோச்சிவந்த மனைவி மீனாவின் தையல் மிசின், எதிர்த்து ஓர் அம்பும் எய்யாமல் அடுப்படிக்கு நாடுகடத்தப்பட்டது. அன்றுமுதல் மீனா தாளிப்பு நெடியில் தும்மித் தும்மியே ஊரார் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்தாள்.

முன்னறைக் கதவு சாத்தப்பட்டது. உருவாகிவந்த ஓவியத்தின்மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தப்பட்டது. "கொஞ்சம் காட்டுனாத்தேன் என்னவாம்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "மும்முழ வெற்றிடம் சூழாது கண்ட ஓவியம் கண்டதாகாது! சுவரில் ஏறட்டும், வந்து பார்!" என்று முழங்கினான். உலகம் பார்க்காவிட்டால் போகட்டும், அவள் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதே அம்மாவீரனின் நெஞ்சுக்குள் கிடந்த ஒரே ஆசை. அதை மட்டும் அவன் பிரகடனம் செய்யவில்லை.

காலம் கனிந்தது. மதுரைப் பக்கத்து ஓவியர்களையெல்லாம் ஒருங்கு திரட்டி, மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் ஒரு ஞாயிறன்று கண்காட்சி வைத்தார் ஓவிய ஆசிரியை அற்புதமேரி. எந்தப் படம் எந்தச் சுவரில் என்று முடிவுசெய்யும் செங்கோல் அவர் கையில் இருந்தது. அவரோ படங்களை ஜவுளிக்கடைத் துண்டுகள்போல நெருக்கி மாட்டலானார். கண்டான் நம் காவலன், கண்கள் சிவந்தான். "காட்சிப்படுத்துவது அடுக்குவதன்று! படத்தை மாட்டுகிறவர் முதலில் வெறுமையை மாட்டக் கற்க வேண்டும்!" என்று இடிகுரலில் அறைகூவி, மேற்குச் சுவரின் அடியில் சம்மணமிட்டு அமர்ந்தான்.

"இம்புட்டுச் சுவத்துக்கும் ஒத்தப் படமாண்ணே? மத்தவுக படத்த நான் எங்கிட்டு மாட்டுறது?" என்று கேட்டார் அற்புதமேரி. அவன் எழவில்லை. வந்த டீயையும் தொடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியதும் ஆசிரியை மனம் இளகியது. "சரி, வச்சுக்கங்க. ஆள விட்டாப் போதும்!" என்று மேற்குச் சுவரை முழுவதுமாகத் தாரைவார்த்தார். மற்ற ஓவியர்களின் படங்கள் வடக்குச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று மூச்சுத்திணறித் தொங்க, பரந்து விரிந்த மேற்குச் சுவரின் நட்டநடுவே, முறத்தைவிடப் பெரிதல்லாத அவன் ஓவியம் தன்னந்தனியாக வீற்றிருந்தது. பக்கத்தில், 'கைப்பேசி பையில், கண் சுவரில்!' என்ற கட்டளைப் பலகையும் அவன் கையாலேயே எழுதி வைக்கப்பட்டது.

ஐயகோ, அந்த ஞாயிறுதான் மாதா கோயிலில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைத் திருநாள்! பூசை முடிந்து, வெண்ணிற ஆடையும் தலையில் பூமுடியும் கையில் மெழுகுத்திரியுமாகப் பிள்ளைகள் வெளிவந்தார்கள்; அவர்களுக்குப் பின்னே பட்டுச்சேலைகளின் பெருவெள்ளம் புரண்டு வந்தது. மதுரை மண்ணில் காதுகுத்தானாலும் சடங்கானாலும் கல்யாணமானாலும், விருந்தாளி முதலில் தேடுவது செல்ஃபி பாயிண்ட்டை, பந்தி அப்புறம்தான். அவ்வழியே கூடத்துக்குள் எட்டிப்பார்த்த பட்டுச்சேலை ஒன்று கண்டது என்ன? பளிச்சென்று ஒரு வெள்ளைச் சுவர், மேலே நல்ல வெளிச்சம், அழகுக்கு நடுவில் சின்னதாக ஒரு படம். "ஏ, இங்கிட்டு வாங்கடி! செல்ஃபி பாயிண்ட்ட உள்ள வச்சிருக்காக!" என்று அந்த அம்மாள் சங்கநாதம் எழுப்ப, படை உள்ளே புகுந்தது.

பொருதான் சூரியபிரகாஷ்! இரு கரங்களையும் விரித்துச் சுவருக்கு முன்னே மலையென நின்றான். "அண்ணே, செத்த ஒதுங்குங்க, நெழல் விழுகுது" என்றது எதிர்ப்படை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி அரண் அமைத்தான். பெரியவர்கள் நன்றி சொல்லி அதில் அமர, மற்றவர்கள் பின்னால் நிற்க, குடும்பப் படத்துக்கு இன்னும் வாகாகப் போயிற்று. அடுத்து, எவரும் தாண்டலாகாது என்று தரையில் மஞ்சள் டேப்பால் ஓர் எல்லைக்கோடு இழுத்தானே, அதுதான் அவன் தன் தலையில் தானே அள்ளிப் போட்ட மண். ரேஷன் கடை முதல் மீனாட்சி சன்னதி வரை நின்று பழகிய மக்கள், கோட்டைக் கண்டதும் அதன்பின்னே வரிசையில் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டியது. எதற்கென்று தெரியாதவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இறுதி அஸ்திரமாக நாற்காலிமேல் ஏறினான். "மானிடரே! கைப்பேசி உங்கள் கண்ணைத் தின்றது! கண்ணாடித்துண்டில் முகம் பார்ப்பதை விடுத்து, முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்!" என்று உலுக்கினான். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பிறகு ஒருவர், "நீங்கதேன் போட்டோகிராபராண்ணே? காப்பி எப்பக் கெடைக்கும்?" என்று விசாரித்தார். அவன் இறங்கினான். அத்தனை பேரும் அந்த ஓவியத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் மீனா வந்தாள். தலையில் மல்லிகை, தோளில் நூல்துணுக்கு ஒன்று. வரிசையைக் கடந்து நேரே அழைத்துப்போக அவன் பாய்ந்தோடிக் கைநீட்டினான். "வரிசையில நிக்கிறாகல்ல? நானும் நிண்டே வாரேன்" என்று அவள் கடைசியில் போய் நின்றாள். நின்று, நகர்ந்து, அவள் முறை வந்தது. கோட்டைத் தாண்டினாள். சுவரைப் பார்த்தபடி நின்றாள். "அக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்று யாரோ உதவிக்கு வந்தார்கள். அவள் திரும்பவில்லை.

ஓவியத்தில் இருந்தது ஒரு முன்னறை. ஆள் இல்லை, பொருள் இல்லை. சன்னலிலிருந்து சரிந்து விழும் வெயில். சிவப்புத் தரையில், ஏதோ ஒன்று பலகாலம் நின்று எடுபட்டதற்கு அடையாளமாக நான்கு துருத்தடங்கள்.

"இது என் மிசின் நிண்ட எடமில்ல?"

'இன்மையே இருப்பின் பேருரு' என்று முழங்க வாயெடுத்தான் நம் காவலன். "ஆமா மீனா" என்று மட்டுமே வந்தது.

அவள் இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். பின்னாலிருந்த வரிசை முனகியதையும் பொருட்படுத்தவில்லை. "நல்லாத்தேன் இருக்கு" என்றாள். அவன் காதில் முரசங்கள் முழங்கின, வெற்றிச்சங்கங்கள் ஊதின. அவை ஓயுமுன்பே அவள் தொடர்ந்தாள்: "படந்தேன் முடிஞ்சிருச்சுல்ல? நாளைக்கு மிசினத் தூக்கி முன்ரூம்லயே வச்சிருங்க. தடம் இருக்கு பாருங்க, எடம் மாறாது." அந்த வாக்கியத்தோடு முன்னறை கொண்டான் முன்னறை கொடுத்தான் ஆனான்.

உடன்படிக்கை அத்துடன் நிற்கவில்லை. "என்னையும் படத்தையும் சேத்து ஒரு போட்டோ எடுங்க" என்று அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். பரம வைரி அதை இரு கைகளாலும் பணிந்து வாங்கினான். வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, ஓவியத்தைச் சுற்றி வெறுமை தெரியும்படி மும்முழம் பின்னே நகர்ந்து எடுத்தான். அடுத்து நின்ற குடும்பம், "அண்ணே, எங்களையும் அதே மாதிரி" என்றது. அவர்களையும் எடுத்தான்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், ஓவியத்தோடு நின்ற தன் படத்தை மீனா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். தனக்கென்று ஓர் இடம் கேட்டு மண்ணதிர முழங்கிய தூரிகை வேந்தன், யாரோ ஒருவரின் அக்குளுக்கும் யாரோ ஒருவரின் காய்கறிப் பைக்கும் இடையே கழுத்தை நீட்டி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அவள் கைப்பேசியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

விளாங்குடி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது.