சிவப்பு மூடி மருந்து

பாதி குணமான நோயாளியைப் போல ஆபத்தானவன் உலகத்தில் எவனும் இல்லை. வலி முழுசாக இருந்தால் முனகிக்கொண்டு கிடப்பான். முழுசாகப் போய்விட்டால் வேலைக்குப் போவான். பாதியில் நிற்பவன்தான் அடுத்தவருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்புவான். நான் கிளம்பினேன்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் கொல்லையில் சாய்ந்து கிடந்த ஒரு கரும்பைப் பிடித்து இழுத்தேன். என்னைவிட ரோஷக்காரக் கரும்பு அது. கை நழுவியதும் திரும்பி வந்து வலது கண்ணில் ஓர் அறை விட்டது. மறுநாள் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே உயிர் போனது. கள்ளக்குறிச்சி கண் டாக்டரம்மா, "அடிபட்டதுல கண்ணுக்கு உள்ளே அழற்சி" என்று இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்று வெள்ளை மூடி, ஒன்று சிவப்பு மூடி. எது எதற்கு என்று அவர் விளக்கியபோது, கரும்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். (என் வாய் திறந்தால் காது மூடிக்கொள்ளும். பிறவிக் கோளாறு.)

சிவப்பு மூடியைப் போட்டதும் வலி தணிந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் அந்தக் கண்ணுக்கு மங்கல்தான். அது கரும்பின் கைவரிசை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், தையற்கடை வைத்திருக்கும் என் மச்சான் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். என் மனைவி செல்வியின் தம்பி. இரண்டு நாளில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு ஐந்து ஜாக்கெட் வெட்டி வைத்தபடி கிடந்தன.

"இன்னாடா மச்சான், கண்ணு இப்படி செவந்துகீது?"

"தூங்காம தச்சிக்கினு கீறேன் மாமா. எரியுது."

"ஒரே சொட்டு. நான் கேரண்டி."

சட்டைப் பையிலிருந்த சிவப்பு மூடியைத் திறந்து, பாரபட்சம் பார்க்காமல் இரண்டு கண்ணிலும் விட்டேன். ஒரு மணி நேரத்தில் அலறினான். "மாமா, தெருக்கோடியில மாடு தெரியுது. கையில கீற ஊசி தெர்ல!"

"மருந்து வேலை செய்யுதுடா, கம்முனு இரு."

மறுநாள் காலையிலும் ஊசி தெரியவில்லை. "என் பொழப்பே போச்சு மாமா" என்று அவன் அழுதபோதுதான் என் டாக்டர் பட்டம் பறந்தது. செல்வி எங்கள் இருவரையும் பஸ் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவருக்கு யாரு இதைப் போட்டது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் மூடியிருந்தது. செல்வி விரலை நீட்டினாள்.

"கண்ணு பாப்பாவை விரிச்சு வைக்கிற மருந்துங்க அது. போட்டா கிட்டத்துல இருக்கறதெல்லாம் மங்கலாத்தான் தெரியும். உங்களுக்கு அடிபட்டதால உள்ளே ஒட்டிக்கக் கூடாதுன்னு கொடுத்தேன். இவருக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். கண்ணுல அழுத்தம் இருக்கிற யாருக்காவது விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும்! பார்வை போகலை. ஒரு வாரத்துல தானா சரியாயிடும்."

"ஒரு வாரமா? கல்யாணம் நாளைக்குங்க!" என்றான் ஏழுமலை.

திரும்பி வந்ததும் செல்வி தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். "ஊத்தனது நீங்கதான? ஒக்காருங்க."

கடையில் வேலை செய்த ஒரே கண் என் இடது கண். அவன் மிதிக்க, நான் பார்க்க, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... நில்லு, நில்லு!" என்று ஐந்து ஜாக்கெட்டும் முடிந்தன. நடுவில் நான் ஒரு கதை சொன்ன இடத்தில் மட்டும் அக்குள் தையல் கல்வராயன் மலைப் பாதையாக வளைந்துவிட்டது. முகூர்த்தத்தில் மணப்பெண் கையை உயரத் தூக்கவில்லை. பிழைத்தோம்.

ஏழுமலைக்கும் பார்வை தெளிந்தது. டாக்டரம்மா சொன்னபடியே சொட்டுகளை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, என் கண்ணும் குணமானது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என் எதிரில் யாருக்கும் நோயே வருவதில்லை. போன மாதம் செல்வி காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "இன்னா செய்யுது?" என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா ஆடிப் பாக்கறேன்."