கேள்விப்பட்ட கூட்டம்

இந்த மாரிக்காலம் முடிவதற்குள் என் மனைவி செசீலியாவுக்கு ஒழுங்காகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று சபதம் எடுத்தேன்.

என் தொழிலே அதுதான். மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்றுநர். அரசாங்கக் கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் எப்படிக் கேள்வி கேட்பது என்று ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஊருக்கெல்லாம் கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன். வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செசீலியாவின் கேள்விகள் பதில் தேடுபவை அல்ல. “நீங்களும் ஒரு மனுசனா?” “அந்தக் கண் ரெண்டும் என்னத்துக்கு?” இவற்றுக்கு என்ன சொல்வது? ஒருமுறை “பாக்கத்தான்” என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இல்லை.

அடைமழை. வாவி எங்கள் வீட்டு வளவுக்குள் வந்து எட்டிப் பார்த்தது. என் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. வருவதற்கு ஊரில் ஆளும் குறைவு. பாதி ஊர் கட்டாரில், மீதிப் பாதி கனடாவில். பிள்ளைகள் போதாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தை மூடி, தாம்போதி என்ற தாழ்ந்த பாலத்துக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. மாரியில் அந்தத் தாம்போதிக்கு மேலால் இடுப்பளவு வெள்ளம் பாயும். இடுப்பளவு என்பது என் இடுப்பு. என் மகள் றெபேக்காவுக்கு, நாலாம் வகுப்பு, அது கழுத்து.

வேறு மாணவர் அகப்படாததால் செசீலியாவுக்கே பாடம் எடுத்தேன். அவள் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாரு, கோவத்தில கத்துறது கேள்வி இல்ல. முடிவ ஆரு எடுத்த? எப்ப எடுத்த? அப்பிடிக் கேக்கணும்.”

“ம்.”

“ஒரு செய்தி காதில விழுந்தா இன்னொரு ஆளிட்டயும் விசாரிக்கணும்.”

“ம். அந்தச் சட்டிய எடுங்க.”

தேறாது என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரமே கல்விக் கந்தோரிலிருந்து கனகசிங்கம் என்ற அதிகாரி வந்து பெற்றோர் கூட்டம் வைப்பதாக அறிவிப்பு. முதல் கேள்வி என்னுடையது என்று ஏற்பாடு. செசீலியா எழுந்து, “உங்களுக்கு வெக்கமில்லையா?” என்று ஆரம்பித்தால் கேள்வி வாத்தியாரின் மானம் வாவியோடு போய்விடும். ஆகவே ஒரு திட்டம் போட்டேன்.

“கூட்டத்த ஒத்திப் போட்டிட்டாங்களாம், செசீலியா.”

“ஆரு சொன்ன?”

“கேள்விப்பட்டன்.”

“ஆரிட்ட?”

“பொதுவா.”

“சரி. அப்ப மினுக்கின சேட்டப் போட்டுக்கிட்டு எங்க போறீங்க?”

“சும்மா, கடைத்தெருவுக்கு.”

“நனையாமப் போயிட்டு வாங்க.”

சண்டையே இல்லை. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

கடைத்தெருவைச் சுற்றி நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது, முதல் வரிசையில் செசீலியா. பக்கத்தில் அடுத்த வீட்டுப் பிரஷாந்தி.

“நீ எப்பிடி இஞ்ச?”

“நீங்க படிப்பிச்சதுதானே. இவளிட்டயும் விசாரிச்சன்.”

கூட்டம் தொடங்கியது. நான் எழுந்தேன். கல்வி, சமூகம், தொலைநோக்கு, நிலைபேறு என்று எல்லாவற்றையும் ஒரே கேள்விக்குள் அடைத்தேன். முடிவில் எனக்கே மூச்சு வாங்கியது.

“அருமையான கேள்வி. கவனத்தில எடுக்கிறம்,” என்றார் கனகசிங்கம்.

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். தகரக் கூரையில் மழை மட்டும் தட்டியது.

செசீலியா எழும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சேர், பள்ளிக்கூடத்த மூடுற முடிவ எப்ப எடுத்த?”

“அது... இன்னும் கலந்துபேசிக்கிட்டுத்தான்...”

“எப்ப சேர் எடுத்த?”

அவர் தண்ணீர் குடித்தார். போத்தலை மூடினார். மறுபடி திறந்தார்.

“போன மாசம்.”

பின்வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப எங்கள எதுக்குக் கூப்பிட்ட?”

“சனத்தோட கலந்துபேசினம் எண்டு மேலிடத்துக்குக் காட்டணுமே, தங்கச்சி. ஒரு படம் எடுத்தாப் போதும்.”

“மாரியில தாம்போதியால எங்கட புள்ளைகள ஆரு தூக்கிக்கொண்டு போற?”

கனகசிங்கம் மறுபடி போத்தலைத் திறந்தார். செசீலியா அவரைத் திட்டவுமில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பிரஷாந்தி எழுந்தாள். பிறகு ஒவ்வொரு வரிசையும் எழுந்து மழைக்குள் இறங்கியது.

“நீங்களாவது இருங்க, நோபேட்,” என்றார் கனகசிங்கம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் கேட்டால் மறுக்கத் தெரியாதவன் நான். இருந்தேன். அவருடைய சாரதி போனில் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். யன்னலுக்கு வெளியே பிரஷாந்தி குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசல் நிறையச் செருப்பு. விறாந்தை நிறையப் பெண்கள். திங்கட்கிழமை எல்லோரும் பெரிய கந்தோருக்குப் போய் முறையிடுவதாக முடிவு. எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அந்தப் பாழாய்ப்போன மழையிலும் நெஞ்சு கொஞ்சம் சூடானது.

“நானும் வாறன்,” என்றேன்.

“நீங்க வரப்படாது,” என்றாள் செசீலியா.

“ஏன்?”

“ஊர் சம்மதிச்சதுக்கு அந்த மனிசனிட்ட இருக்கிற ஒரே சாட்சி உங்கட படம்தான். வெறுங்கதிரையும், அவரும், நீங்களும், உங்கட பல்லும்.”

“அதுக்கு?”

“படத்தைக் காட்டி இவர் ஆரு எண்டு கேட்டா, எங்கட ஊர் ஆளே இல்ல எண்டு சொல்லப்போறம். எல்லாருக்கும் சம்மதம்.”

பிரஷாந்தியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

“நான் உன்ட புருசன், செசீலியா!”

“திங்கக்கிழமை இல்ல.”

நொந்துபோய்க் கதிரையில் விழுந்தேன். என் நிலைமை யாருக்காவது புரியாதா என்று பார்த்தேன். றெபேக்கா தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் மரியாதையாக நின்றாள்.

“எடுங்க, அங்கிள்.”