நூலுக்கு ஒரு தூரம், ஸ்கேலுக்கு ஒரு தூரம்

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் நம் வாத்தியாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மகத்தான லட்சியம் பிறந்தது. வருகிற நாலு நாள் விடுமுறைக்கு மனைவியை அவள் பிறந்த வீட்டுக்கு விமானம் ஏற்றிவிட வேண்டும். பிறகு சோபாவில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். டிவி ரிமோட்டைத் தன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இதில் ஒரு சிக்கல். மாமனார் ஊர் மகா தூரம் என்று கல்யாணமான நாளிலிருந்து நிலைநாட்டி வந்தவரே அவர்தான். மாமனாரும் மாமியாரும் ஒரு நடை வந்து போகிறோம் என்று பேச்செடுத்தால் போதும், வீடியோ காலில் சுவர் வரைபடத்தைக் காட்டுவார். நூலை வைத்து, மலை வளைவு ஆற்று வளைவு ஒன்றுவிடாமல் அளப்பார். விமானத்தில் வந்தாலும் வாசலுக்கு வாசல் ஒரு நாள் ஓடிவிடும், மாமாவின் முழங்கால் தாங்காது என்று முடிப்பார். பூகோளம் படித்த மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? நம்பிவிட்டார்கள், பாவம்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெல்ல விஷயத்தைப் போட்டார்.

"அவ்வளவு தூரம் தனியாவா? நீங்கதானே ஒரு நாள் ஆகும்னு சொல்வீங்க?"

"அது சும்மா சொன்னது. பறக்கறது ஒரு மணி நேரம்தான்."

"புரியலைங்க. கொஞ்சம் காட்டுங்களேன்."

வகுப்பில்கூட யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கே வந்தார். மனைவி கையைத் துடைத்து, போனில் எதையோ தட்டி, சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தாள். பாடத்தைப் படம் பிடிக்கிறாள் என்று பூரித்துப்போனார்.

"இங்க பாரு. விமானத்துக்கு ஏது மலை, ஏது ஆறு? ஸ்கேலை வச்சா நேர் கோடு. ஒரு காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவாங்க."

"முழங்கால் வலிக்காதா?"

"எதுக்கு வலிக்கப்போகுது? கேட்டா சக்கர நாற்காலியில வச்சு வாசல்வரைக்கும் தள்ளிட்டு வந்து விடுவாங்க. எண்பது வயசுக்காரங்களே ஜம்முனு போறாங்க."

ஓடியாடித் திரியும் மனைவிக்கு முழங்கால் ஞாபகம் ஏன் வந்தது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பாடம் நடத்தும் சுகத்தில் கோட்டைவிட்டார்.

"அப்பா, கேட்டுச்சா?" என்றாள் அவள், சர்க்கரை டப்பாவைப் பார்த்து.

டப்பா இருமியது. மாமனார் இருமல்.

"ரொம்பத் தெளிவா நடத்தினீங்க மாப்பிள்ளை. இத்தனை வருஷமா அந்த நூலை நம்பி மோசம் போயிட்டோம்."

போனுக்குள் மாமியார் ஏற்கெனவே பரண் பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பூமி சுழல்கிறது என்று வாத்தியார் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறார். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

தான் போவதைவிட அவர்கள் இங்கே வருவதே சௌகரியம் என்று மனைவி முடிவு செய்தாள். டிக்கெட் போடும் பொறுப்பு, தூரம் தெரிந்தவர் என்பதால், வாத்தியாருக்கே கிடைத்தது. சோபா போயிற்று, ரிமோட் போயிற்று. மிச்சத்தையாவது காப்பாற்றப் பார்த்தார்.

"நாலாம் நாள் திரும்பறதுக்கும் சேர்த்தே போட்டுடட்டுமா அத்தை?"

மாமியார் பெட்டியிலிருந்து நிமிர்ந்தார்.

"அதுக்கு என்ன மாப்பிள்ளை அவசரம்? ஒரு மணி நேரம்தானே. தோணுறப்பக் கிளம்பிக்கலாம்."