பெரியப்பச்சியை வீட்டுக்கு அனுப்பிய கெட்டிமேளம்

தேர்தலில் நின்று தோற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் தேர்தலில் நிற்பதற்கு முன்பே ஒருவரைத் தோற்கடித்தவன் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவன்தான். அது நான். எதிராளியாக இருந்து தோற்கடித்திருந்தால் ஒரு பெருமையாவது மிஞ்சியிருக்கும். நானோ அவருடைய சொந்தத் தம்பி மகன். அவர் ஜெயிக்க வேண்டும் என்று குன்றக்குடி முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டவன். (அந்தக் காவடியை நான் எடுக்கவில்லை. முருகன் தன் பங்கைச் செய்யாதபோது நான் மட்டும் ஏன் மலையேற வேண்டும் என்பது அப்போதைய என் வாதம்.)

சென்னைச் சட்டசபைக்கு நாமே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று வெள்ளைக்காரன் அனுமதித்திருந்த காலம். நாமே என்றால் எல்லோரும் இல்லை. நிலம் உள்ளவர்கள், வரி கட்டுகிறவர்கள், இப்படிக் கொஞ்சம் பேருக்குத்தான் ஓட்டு. காரைக்குடியைச் சுற்றியிருந்த ஓட்டுக்காரர்களை எல்லாம் ஒரே விருந்தில் உட்கார வைத்துவிடலாம். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். பெரியப்பச்சி, அதாவது என் அப்பாவின் அண்ணன், போன தேர்தலில் அப்படி உட்கார வைத்துத்தான் மெம்பர் ஆனார்.

சபையில் அவர் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி கழுத்தைப் பிடிக்கிறது, நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறார். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் தமிழில் சொல்லியிருக்கிறார். செய்தி காரைக்குடி வந்து சேர்ந்தபோது, கவர்னருக்கு முன்னால் தமிழில் முழங்கினார் என்று ஆகிவிட்டது. அவர் அதை மறுக்கவில்லை.

இதில் எனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நான் மதுரைக் கல்லூரியில் இன்டர்மீடியட் பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பர்மாவுக்குக் கப்பலேற்றி, மோல்மேனில் இருந்த எங்கள் கடையில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார வைப்பது என்று அப்பச்சி முடிவு செய்திருந்தார். போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்ப முடியும். அங்கே மழை பெய்ய ஆரம்பித்தால் நிற்காது, கொசு புறா அளவு இருக்கும் என்றெல்லாம் போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பெரியப்பச்சிதான் குறுக்கே வந்தார். "நா மறுபடி மெம்பரானா இவன் எங்கூடச் சென்னைக்கு வரட்டும். இங்கிலீசு தெரிஞ்ச ஆள் ஒண்ணு பக்கத்துல வேணும். ஆகலைன்னா நீ கப்பலேத்திக்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அப்பச்சியும் சரி என்றார். ஆக, அவருக்குச் சட்டசபை என்றால் எனக்குச் சென்னை. கடற்கரை, காபி ஹோட்டல், நாடகக் கொட்டகை. சென்னைக்கென்று ஒரு கறுப்புக் கோட்டுக்கூடத் தைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் போட்டுப் பார்ப்பேன்.

தேர்தல் நெருங்கியது. ஒருநாள் பெரியப்பச்சி என்னையும் கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டு, "இந்தத் தடவை நா நிக்கலைன்னு சொல்லப் போறேன்" என்றார்.

எனக்குக் கண்ணுக்கு முன்னால் கப்பல் வந்து நின்றது. "என்ன பெரியப்பச்சி இப்படிச் சொல்லுறீக" என்றேன். குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"முழுசாக் கேளுடா. போன தடவை வாசல் வாசலாப் போயி நாந்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். நாட்டரசன்கோட்டையில ஒருத்தன், எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் என்னைய வெளியில நிறுத்தி வச்சான். மறுபடி அப்படிப் போக என்னால ஆகாது. இந்தத் தடவை ஊரு வந்து என்னையக் கேக்கணும்."

"நிக்கலைன்னு சொன்னா எப்படிக் கேப்பாக?"

"சம்பந்தி வீட்டுல சாப்புடக் கூப்புட்டா மொதல்லயே போயி எலையில உக்காந்துருவாகளா? வேணாம்பாக. கையப் புடிச்சு இழுப்பாக. மறுபடி வேணாம்பாக. மூணாந்தடவை இழுத்தாத்தான் உக்காருவாக. அதுதானே மருவாதி. நானும் மூணு தடவை வேணாம்பேன். மூணு தடவையும் சபை என்னைய இழுக்கணும். பெறகு, உங்க பிரியம்னு சொல்லிருவேன்."

இப்போது நினைத்தாலும் அது நல்ல திட்டம்தான். சபை தானாக இழுக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் எழுந்து கெஞ்சுகிற பொறுப்பைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். விருந்துப் பொறுப்பும் மேளப் பொறுப்பும் எனக்கு.

மேளம் எனக்குப் புதிதில்லை. எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணங்களில், தாலி கட்டும் நேரத்தில் விரலை ஆட்டிக் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று சொல்கிறவன் நான்தான். முகூர்த்த நேரத்தில் எவனாவது தும்மினாலோ, எந்தக் கிழவராவது அபசகுனமாக ஏதாவது பேசினாலோ, அது மணவறைக்குப் போய்ச் சேருவதற்குள் மேளத்தை எழுப்பி அமுக்கிவிடுவேன். படிப்பில்தான் மந்தமே தவிர இதில் நான் புலி. (புலி என்று நானே சொல்லிக்கொண்டதுதான்.)

ஆகவே எல்லாவற்றையும் மேளத்தோடு முடிச்சுப் போட்டேன். பெரியப்பச்சி "உங்க பிரியம்" என்றதும் நான் விரலை ஆட்டுவேன், கெட்டிமேளம் கொட்டும். கொட்டியதும் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் கூட்டத்துக்குள் வரவேண்டும். அதே சமயம் உள்ளே வளவு முற்றத்தில் இலை போட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு காரியம் பேசிக் கெட்டிமேளமும் கொட்டிவிட்டால் அது முடிந்த காரியம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த முடிச்சு எவனாலும் அவிழ்க்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று சமையல்காரர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "யாரு தடுத்தாலும் நிறுத்தப்படாது. நானே வந்து சொன்னாலும் சரி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அன்று காலை முகப்பு முழுக்க ஆட்கள். நாச்சியாபுரத்திலிருந்து மட்டும் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். சிவகங்கை வக்கீல் ஒருவரும் வந்திருந்தார். அவரும் தேர்தலில் நிற்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அதற்காக அழைக்காமல் விட்டால் மரியாதை இல்லையே என்று பெரியப்பச்சியே ஆளனுப்பி அழைத்திருந்தார். வளவுக் கதவோரம் பெரியப்பச்சியின் மனைவி பெரியாத்தா நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியப்பச்சி எழுந்தார். "எனக்கும் வயசாயிருச்சு. ஓடியாடிப் பாத்தாச்சு. இந்தத் தடவை வேற நல்ல ஆளாப் பாத்துக்கங்க" என்றார்.

சபை தானாக இழுப்பதாகத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளை எழுந்தார். "நீங்க இப்படிச் சொன்னா நாங்க எங்குட்டுப் போவோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலைந்து பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். பெரியப்பச்சி கையை ஆட்டி மறுத்தார். கணக்குப்பிள்ளை மறுபடி எழுந்து கெஞ்சினார். இந்த முறை கூட்டம் சூடு பிடித்துவிட்டது. "நீங்கதான் நிக்கணும்" என்று பின் வரிசையிலிருந்தெல்லாம் குரல் வந்தது. வக்கீலின் முகம் சுருங்கியது. நான் மனசுக்குள் பாதி வழி தாண்டிச் சென்னை ரயிலில் போய்க்கொண்டிருந்தேன்.

பெரியப்பச்சிக்கும் தெம்பு வந்துவிட்டது. அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூன்றாம் முறையாகக் கம்பீரமாகச் சொன்னார். "இல்லவே இல்லை. என்னைய விட்டுருங்க. இதுதான் என் கடைசி வார்த்தை."

கணக்குப்பிள்ளை எழுந்தார். முதல் இரண்டு தடவையும் கண்ணீர் வருவதற்காக அவர் மறைவாக மூக்குப்பொடி போட்டுக்கொண்டது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவைக்குக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கிறார். "அப்படிச் சொல்லப்படாது, நீங்க நின்னே ஆ..." என்று ஆரம்பித்தவர், கூரை அதிர ஒரு தும்மல் போட்டார்.

ஒரே ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல் ஆகாது, இன்னொன்று போட்டால் தோஷமில்லை என்று சபையே அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு விடைத்தது, சுருங்கியது. இரண்டாவது வரவில்லை.

பெரியப்பச்சிக்கு அபசகுனம். என் மூளை அதற்கு மேல் யோசிக்கவில்லை. எத்தனையோ கல்யாணங்களில் பழகிய கை அது. விரல் தானாக மேலே போய் ஆடியது. கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

விரலை இறக்குவதற்குள் நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. சபை கேட்ட கடைசி வார்த்தை "விட்டுருங்க". அதற்கு மேல் ஒரு தும்மல். அதற்கு மேல் கெட்டிமேளம். நான் இரண்டு கையையும் விரித்து நிறுத்தச் சொன்னேன். தவில்காரருக்கு உற்சாகம் கூடிவிட்டது, இன்னும் ஓங்கி அடித்தார். பெரியப்பச்சியின் வாய் அசைந்தது. "இருங்கப்பா, இருங்கப்பா" என்கிறார் என்று உதட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அவர் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

சந்தனம் வந்தது. பன்னீர் வந்தது. நான் வளவுக்குள் ஓடினேன். இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்கய்யா" என்றேன். "நீங்களே வந்து சொன்னாலும் நிறுத்தப்படாதுன்னு சொன்னீகளே" என்று சொல்லிவிட்டு, தலைமைச் சமையல்காரர் உப்பு வைக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், கணக்குப்பிள்ளை வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைச் சிவகங்கை வக்கீல் பெரியப்பச்சியின் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மேளம் நின்றது. வக்கீல் காலில் விழுந்து, "உங்க எடத்துல நா நிக்கிறதுக்கு உங்க கையால துன்னூறு வேணும்" என்றார். விழுந்தவருக்குத் திருநீறு தராமல் இருக்க முடியுமா? பெரியப்பச்சி பூசிவிட்டார். நெற்றியில் அழுத்தியே தேய்த்தார். பாசத்தில் தேய்க்கிறார் என்றார்கள்.

பந்தியில் அவர் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாச்சியாபுரம் பெரியவரிடம், "எதுக்கும் இன்னொருக்க யோசிச்சுச் சொல்லலாமுன்னு..." என்று இழுத்தார்.

"இனி என்ன யோசனை. கெட்டிமேளம் கொட்டியாச்சு" என்றார் அந்தப் பெரியவர். "பதவியில இருக்கவுக தானா எறங்கி நா பாத்ததில்லை. பெரிய மனசு உங்களுக்கு. பாயசத்தச் சாப்புடுங்க."

எல்லோரும் போன பிறகு பெரியப்பச்சி என்னைக் கூப்பிட்டார். "கொட்டச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"தும்மிட்டாக. உங்களுக்கு ஆகாதேன்னுதான்..."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மோல்மேன்ல சாமான் கெடைக்காதாம். சோப்பு நெறைய எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

வக்கீல் ஜெயித்தார். எனக்குக் கப்பல் வந்தது. பயணம் சொல்லிக்கொள்ளப் போனபோது, பெரியப்பச்சி வெற்றிலையிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். பெரியாத்தா மட்டும் வாசல் வரை வந்தார்கள். தூக்க முடியாத ஒரு டின் நிறையச் சீடையும் முறுக்கும் கொடுத்தார்கள். "உங்க பெரியப்பச்சி மெம்பரானதுலேர்ந்து சென்னையே கதின்னு கெடந்தாக. இப்பத்தான் தெனமும் வீட்டுல சாப்புடுறாக. நீ நல்லா இருப்பே" என்றார்கள். அந்தத் தேர்தலில் என் சேவையைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வருஷம் மழையில் நனைந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, எங்கள் பங்காளி வீடுகளில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. யாராவது ஒரு பதவியை விடப்போவதாகச் சொல்ல ஒரு கூட்டம் கூட்டினால், மெய்யாகவே விடுகிறவராக இருந்தால் என்னை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஒப்புக்குச் சொல்கிறவராக இருந்தால் எனக்கு அழைப்பு வராது. அழைப்பு வந்ததா இல்லையா என்று என்னைக் கேட்டுத்தான் ஊரில் மற்றவர்கள் அந்தப் பதவிக்கு நிற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். என் சொந்த மகன் சங்கக் காரியதரிசிப் பதவி வேண்டாம் என்று சொன்ன கூட்டத்துக்குக்கூட எனக்கு அழைப்பு இல்லை. அவன் இன்னும் காரியதரிசிதான்.

போன வருஷம் என் முறை வந்தது. ஊர்க் கோயில் திருப்பணிக் கமிட்டிக்கு நான் தலைவர். "எனக்கும் வயசாயிருச்சு, வேற ஆளாப் பாத்துக்கங்க" என்று முன்வரிசையிலிருந்து எழுந்து சபையில் சொல்லிவிட்டு, உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கவஸ்திரத்தைச் சரி செய்தேன். தொண்டையைக் கனைத்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என் தம்பி மகன் எழுந்து, "நீங்க முன்வரிசையில இருக்கும்போது நாங்க மறுத்துப் பேச முடியுமா பெரியப்பச்சி? இலை போட்டாச்சு, வாங்க" என்றான்.